ஏழு குழியும் மூன்றாம் மதகும்

அந்த மலைக்கு இப்போது வேறு பெயர். மேலே ஒரு மடம் இருந்தது. அங்கே சாமி கும்பிடுகிறவர்களைவிட வானத்தைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். மேகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, ஆற்றில் எவ்வளவு வருகிறது, கீழே ஏரி எந்த மட்டத்தில் நிற்கிறது, எல்லாம் அங்கிருந்து தெரியும்.

ஏரித் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொண்ட மூன்று ஊர்களும் ஒருநாள் களைத்துப்போய் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. எந்த மதகை எப்போது திறப்பது என்று மடம் சொல்லட்டும். மடத்துக்கு வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

மடத்தின் தலைவி அரசாயி அம்மை. வயது முப்பத்தெட்டு. அவருக்காக ஓலை எழுதிய சீடர் சேந்தன். வயது ஐம்பத்திரண்டு. சேந்தனின் வம்சத்தில் எழுத்தாணி பிடித்த முதல் கை அவருடையது. அதனால் ஒவ்வோர் ஓலையையும் மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவார். கட்டிய பிறகு ஒரு தரம் அவிழ்த்தும் பார்ப்பார்.

ஓலை கீழே போவது யார் போகிறார்களோ அவர்கள் கையில். உப்பு விற்கிறவர் கொண்டுபோவார், ஆடு மேய்க்கிறவர் கொண்டுபோவார். வழியில் யார் அவிழ்த்துப் படித்தாலும் குற்றமில்லை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. கவலை வேறு. அந்த ஓலை மடத்தில் எழுதியதுதானா? வழியில் யாரும் மாற்றாமல் வந்ததா?

அதற்காகத்தான் பலகை. வட்டமாக ஏழு குழி வெட்டிய மரப்பலகை. குழிகளில் புளியங்கொட்டை, மொத்தம் இருபத்தெட்டு. ஓலையில் வரக்கூடிய சொற்கள் நாற்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குழி உண்டு. ‘முதல்’ என்றால் ஒன்றாம் குழி, ‘மதகு’ என்றால் நான்காம் குழி. சொல்லைப் படித்ததும் அதன் குழியிலிருக்கும் கொட்டைகளை மொத்தமாக அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு அடுத்த சொல். ஓலை முடியும்போது ஏழு குழியிலும் எத்தனை எத்தனை நிற்கிறதோ, அந்த ஏழு எண்ணையும் ஓலையின் அடியில் எழுதிவிடுவார் சேந்தன்.

ஆட்டம் எல்லாருக்கும் தெரியும். எந்தக் குழியில் எத்தனை கொட்டை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவது என்பது மட்டும் மூன்று பேருக்குத் தெரியும். அரசாயி அம்மைக்கு, சேந்தனுக்கு, ஏரிக்கரையில் மதகைப் பார்த்துக்கொள்ளும் இருளாண்டிக்கு. ஓலை வந்ததும் இருளாண்டியும் தன் பலகையில் ஆடிப் பார்ப்பார். அடியில் இருக்கும் ஏழு எண்ணும் ஒத்துப்போனால் ஓலை உண்மை.

பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

பன்னிரண்டாம் வருஷம், நாற்று நட்ட வாரத்தில், முதல் மதகோடு மூன்றாம் மதகும் திறந்துகொண்டது. ஒரே பகலில் நாற்றெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்தது. ஊர்ச்சபை கூடியது.

“ஓலையில இருந்துச்சு, திறந்தேன்,” என்றார் இருளாண்டி. “ரெண்டு தரம் ஆடிப் பார்த்தேன். ஏழு குழியும் ஒத்துப்போச்சு.”

“முதல் மதகைத் திற. அவ்வளவுதான் நான் எழுதினேன்,” என்றார் சேந்தன்.

“ரகசியம் யாருக்கெல்லாம் தெரியும்?” என்று சபையார் சேந்தனைக் கேட்டார்கள்.

“மூணு பேருக்கு.”

“நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை. அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

“அப்ப யாரு?”

“இருளாண்டிதான்,” என்றார் சேந்தன்.

மறுநாள் பிற்பகல் மறுபடி கூடி முடிவு சொல்வதாகச் சபை எழுந்தது. என்ன முடிவு என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. இருளாண்டியின் வேலை போகும், வேலைக்காக விட்டிருந்த அரைக்காணி நிலம் போகும், குடும்பம் ஊரைவிட்டுப் போகும்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் இருளாண்டி மலை ஏறி வந்துவிட்டார். இடுப்பில் அந்த ஓலை இருந்தது.

சேந்தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சாமி, நேத்து நல்லாத் தூங்கினீங்களா?” என்றார் இருளாண்டி.

சேந்தன் வழிவிட்டார். அவர் தூங்கவில்லை. சபையில் சொன்னதில் எந்த இடம் தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இருளாண்டியின் முகத்தைப் பார்த்தால் எல்லா இடமும் தப்பாகத் தெரிந்தது.

அரசாயி அம்மை உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஓலையை வாங்கிப் பார்த்தார். ‘முதல் மதகு திற மூன்றாம் மதகு திற.’ அடியில் ஏழு எண்.

“ஆடிப் பார்த்தீங்களா சேந்தரே?”

“பார்த்தேன் அம்மா. ஒத்துப்போகுது.”

“நீங்க எழுதினதா?”

“முன்பாதி எழுதினேன். பின்பாதி எழுதலை.”

“அப்ப என்ன நடந்திருக்கும்?”

“ரகசியம் வெளியே போயிருக்கு. இல்லேன்னா ஏழு எண்ணும் எப்படிச் சரியா வரும்? நான் சொல்லலை. தூக்கத்துல உளறியிருப்பேனோன்னுகூட யோசிச்சுப் பார்த்தேன்.”

“உளறினா பக்கத்துல படுக்கிற ஆட்டுக்குட்டிக்குத்தான் கேட்டிருக்கும்,” என்றார் இருளாண்டி. “அது வந்து ஓலை எழுதிடுச்சாக்கும்.”

அரசாயி அம்மை கீரையைத் தள்ளி வைத்தார்.

“நான் வெளியே போறேன். நீங்க ரெண்டு பேரும் புதுசா ஒரு ரகசியம் வையுங்க. எனக்குத் தெரிய வேண்டாம். அதை வெச்சு ஒரு ஓலை எழுதி என்கிட்ட குடுங்க.”

“என்ன எழுதறது?”

“அதே முதல் மதகு.”

அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சேந்தன் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

“அஞ்சு, ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு, ஆறு, மூணு,” என்று இருளாண்டி கொட்டைகளை வைத்தார். வாயால் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மெதுவா,” என்றார் சேந்தன்.

ஆடினார்கள். முதல். மதகு. திற. கடைசியில் குழிகளில் நின்றவை: இரண்டு, ஐந்து, ஒன்பது, ஒன்று, நான்கு, ஒன்று, ஆறு. சேந்தன் எழுதினார். படித்தார். படித்தார். படித்தார். கட்டினார்.

அரசாயி அம்மை ஓலையை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அங்கேயும் ஒரு பலகை கிடந்தது. கீரை வாடுவதற்குள் திரும்பி வந்து வேறொரு ஓலையை இருளாண்டியிடம் நீட்டினார்.

‘முதல் மதகு திற மூன்றாம் மதகு திற.’ அடியில்: நான்கு, ஏழு, ஒன்று, சுழி, ஏழு, சுழி, ஒன்பது.

இருளாண்டி புது ரகசியத்திலிருந்து ஆடினார். ஆறு சொல்லுக்கும் ஆடினார். குழிகளை எண்ணினார். நான்கு, ஏழு, ஒன்று, காலி, ஏழு, காலி, ஒன்பது.

அவர் கை பலகைமேலேயே நின்றுவிட்டது.

சேந்தன் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. ஒட்டுக் கேட்டீங்களா?”

“இல்லை. எங்கே ஆரம்பிச்சீங்கன்னு எனக்கு இப்பவும் தெரியாது.”

“அப்புறம் எப்படி?”

“எங்கே நிறுத்தினீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களே.”

சேந்தனுக்குப் புரியவில்லை. இருளாண்டிக்குப் புரிந்துவிட்டது. அவர் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாமி, அடியில எழுதற ஏழு எண்ணு இருக்கே, அதையே குழியில வெச்சுக்கிட்டு அடுத்த சொல்லை ஆடினாப் போதும். நீங்க விட்ட இடத்துலேருந்து எவன் வேணாலும் ஆடலாம். ஓலை மலையிலேருந்து வர்றதுக்குள்ள நாலு கை மாறுது.”

சேந்தன் அந்த எண்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தார். மூன்றாம். மதகு. திற. சரியாக வந்தது. மறுபடி ஆடினார். மறுபடியும் சரியாக வந்தது.

“அப்ப ரகசியம் வெளியே போகலையா?”

“போகலை,” என்றார் அம்மை.

“போகாமயே ஓலை மாறிடுச்சா?”

“மாறிடுச்சு.”

“அப்ப ரகசியம் எதுக்கு?”

அரசாயி அம்மை கீரையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

சேந்தன் எழுந்து அறைக்குள் நடந்தார். மூலைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

“ரகசியத்தைப் பெரிசாக்கிடலாம் அம்மா. இருபத்தெட்டு கொட்டை போதாது. நூறு வைக்கலாம்.”

“வீட்டுக்குப் பின்பக்கம் சுவரே இல்லைன்னு அம்மா காட்டறாங்க,” என்றார் இருளாண்டி. “நீங்க வாசலுக்குப் பெரிய பூட்டா வாங்கறீங்க.”

“நீ கொஞ்சம் சும்மா இரு.”

“நேத்து நான் சும்மாதான் இருந்தேன்.”

சேந்தன் மறுபடி நடந்தார். நான்காவது நடையில் நின்றார்.

“நிறுத்தின இடம் தெரியறதுனாலதானே அங்கேருந்து ஆட முடியுது? நிறுத்தின பிறகு ரகசியத்தை இன்னொரு தரம் ஆடிட்டா? அஞ்சாம் குழி, ரெண்டாம் குழி, ஏழாம் குழின்னு ரகசிய எண்ணையே சொல்லா வெச்சு ஏழு தரம் ஆடுவோம். காலிக் குழி வந்தா தாண்டிடுவோம். அதுக்கப்புறம் நிக்கறதை எழுதுவோம். வழியில பிரிச்சுப் பார்க்கிறவனுக்குச் சொல் எங்கே முடிஞ்சுதுன்னே தெரியாது.”

“ஆடிப் பாருங்க,” என்றார் அம்மை.

ஆடினார்கள். புது ஓலை எழுதினார்கள். அம்மை அதை வாங்கிக்கொண்டு போய், முன்பு செய்ததுபோலவே மூன்றாம் மதகையும் சேர்த்து எடுத்து வந்தார். இருளாண்டி ஆடிப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் ஆடினார். ஒத்துப்போகவில்லை.

காலையிலிருந்து முதல் தடவையாகச் சேந்தனின் முகம் தெளிந்தது.

“முன்னாலயும் ரகசியம், பின்னாலயும் ரகசியம். இனிமே நடுவுல யாரும் கை வைக்க முடியாது.”

“சபையில இதைச் சொல்வீங்களா?” என்றார் அம்மை.

“சத்தியம் பண்ணிச் சொல்வேன். நேத்து நடந்தது எப்படின்னும் சொல்வேன். இனிமே ஒரு சொல்லைக்கூட மாத்த முடியாதுன்னும் சொல்வேன்.”

“ஒரு சொல்லைக்கூடவா?”

“ஒரு சொல்லைக்கூட.”

“நீங்க எழுதின ஓலையைக் குடுங்க.”

சேந்தன் கொடுத்தார். அம்மை இந்த முறை தோட்டத்துக்குப் போகவில்லை. பலகையையும் தொடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, எழுத்தாணியை வாங்கி, வேறோர் ஓலையில் எதையோ எழுதினார். அடியில் ஏழு எண்ணையும் பார்த்துப் பார்த்து அப்படியே இறக்கினார். இருளாண்டியிடம் நீட்டினார்.

இருளாண்டி ஆட ஆரம்பித்தார். ஒன்றாம் குழி. நான்காம் குழி. ஆறாம் குழி. பிறகு ரகசியத்தின் ஏழு. எண்ணிப் பார்த்தார்.

“ஒத்துப்போகுது.”

“நான் எழுதினதுதானே, ஒத்துப்போகாம என்ன?” என்றார் சேந்தன்.

“படிங்க சாமி.”

சேந்தன் வாங்கிப் படித்தார்.

‘முதல் மதகு மூடு.’

அவர் மறுபடி படித்தார். மூன்றாம் தரமும் படித்தார். ஓலையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

“இது எப்படி அம்மா? நீங்க ஆடவே இல்லையே?”

“‘திற’ எந்தக் குழி?”

“ஆறு.”

“‘மூடு’?”



“ஆறுதான்,” என்றார் இருளாண்டி. “பதினோரு வருஷமா ரெண்டுக்கும் ஆறைத்தான் அள்ளறேன். இன்னிக்கு வரைக்கும் தோணலை பாருங்க.”

“பட்டியல் போட்டது யாரு?” என்றார் அம்மை.

“நான்தான்.” சேந்தனின் குரல் இறங்கிவிட்டது. “நாப்பது சொல். நான் நாப்பது வயசுக்கு மேல எழுத்துப் படிச்சவன். மறந்துடுமோன்னு பயம். அதனால சேர்ந்தே வர்ற சொல்லை எல்லாம் ஒரே குழியில சேர்த்தே வெச்சேன். திற, மூடு. இன்னிக்கு, நாளைக்கு. கூட்டு, குறை. அப்பத்தான் ஞாபகம் நிக்கும்னு. நல்லா நின்னுச்சு.”

அம்மை எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

“ஆனா ரகசியம் முன்னாலயும் இருந்துச்சே,” என்றார் சேந்தன். “பின்னாலயும் இருந்துச்சே.”

“இருந்துச்சு. நடுவுல என்ன இருந்துச்சு?”

சேந்தன் பலகையைப் பார்த்தார். அது ஒரு மரப்பலகை. அதில் ஏழு குழிகள். குழிகளில் புளியங்கொட்டை.

“பிரிச்சுடறேன் அம்மா. ‘மூடு’ ஆறுலயே இருக்கட்டும். ‘திற’வை ஏழாம் குழிக்கு மாத்திடறேன். அப்ப சரியாயிடும்ல?”

“ஏழாம் குழியில ஏற்கெனவே எத்தனை சொல் இருக்கு?”

“அஞ்சு.”

“அதுல ஏதாவது ஒண்ணைத் ‘திற’ இருக்கிற இடத்துல எழுதினா?”

சேந்தன் விரல் விட்டு எண்ணினார். நாற்பது சொல்லை ஏழு குழியில் எப்படிப் பிரித்தாலும் ஒரு குழியில் ஆறுக்குக் குறையாமல் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. எண்ண எண்ண விரல்கள் குழம்பின. முதலிலிருந்து எண்ணினார். வெளியே வெயில் நேராக ஏறிவிட்டது.

இருளாண்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நான் கிளம்பறேன் அம்மா. சபை கூடற நேரத்துல நான் இல்லைன்னா ஓடிப்போயிட்டான்னு வேற சொல்வாங்க.”

“நானும் வர்றேன்,” என்றார் சேந்தன்.

“எதுக்கு? இன்னொரு தரம் பேரைச் சொல்லவா?”

சேந்தன் அம்மை எழுதியதில் ஒத்துப்போன இரண்டு ஓலைகளையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பலகையை எடுத்து அக்குளில் இடுக்கினார். கொட்டைகள் சிதறின. அவர் குனிந்து பொறுக்கினார், இருளாண்டியும் குனிந்து பொறுக்கினார். இருபத்தேழு கிடைத்தது. ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. விட்டுவிட்டார்கள்.

இருளாண்டி படிகளில் இறங்கத் தொடங்கிவிட்டார். சேந்தன் வாசலில் நின்று திரும்பினார்.

“அம்மா, எனக்கு ஒண்ணும் பிடிபடலை. அங்கே போய் இதையெல்லாம் சொன்னா, இத்தனை வருஷமா நான் எழுதின ஒவ்வொரு ஓலையையும் சந்தேகப்படுவாங்க. சொல்லாம விட்டா அவர் குடும்பம் ஊரைவிட்டுப் போகணும். சொல்றதுன்னாலும் எதைச் சொல்றது? ரகசியம் நல்லா இருந்துச்சு. நானும் பொய் சொல்லலை. அவரும் பொய் சொல்லலை. அப்ப பலகைதான் பொய் சொல்லிடுச்சுன்னு சொல்லட்டுமா?”

“பலகை என்ன சொல்லுச்சு?”

“ஏழு குழியும் ஒத்துப்போகுதுன்னு.”

“ஒத்துப்போகலையா?”

“ஒத்துத்தான் போச்சு.”

“வேற ஏதாவது சொல்லுச்சா?”

“இல்லை.”

அரசாயி அம்மை கீரைக்காம்புகளை அள்ளி மடியிலிருந்து முறத்தில் போட்டார்.

“அப்ப இருளாண்டின்னு சொன்னது யாரு, சேந்தரே?”